குப்பைக்கு விலை உண்டு. கூலிக்குக் கணக்கு உண்டா?

காஞ்சியிலே நிறுத்துப் பார்க்காத பண்டம் கிடையாது. பட்டு நூல் நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. சரிகை நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. நெய்து முடித்த சேலை திரும்பவும் தராசு ஏறுகிறது. கொடுத்த நூலும் வந்த சேலையும் ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் நெசவாளியின் கையில் கூலி விழுகிறது. கிழிந்துபோன பட்டுச் சேலைக்கும் தராசு காத்திருக்கிறது; கரையில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அதை வாங்குவோர் உண்டு. சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சோதித்துச் சொல்லவும் ஏற்பாடு இருக்கிறது.

இத்தனையும் நிறுக்கிற ஊரிலே நிறுத்துப் பார்க்கப்படாத ஒன்று உண்டு. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பொழுது விடியுமுன் காந்தி சாலையிலும் பேருந்து நிலையத்திலும் ராஜாஜி மார்க்கெட்டிலும் அட்டையும் புட்டியும் தகரமும் பொறுக்குகிறாளே ஒரு தொழிலாளி, அவளுடைய உழைப்புத்தான் அது. அவள் கொண்டுவரும் மூட்டைக்கு எடை உண்டு. அந்த மூட்டையைச் சேர்க்க அவள் செலவிட்ட நேரத்துக்குக் கணக்கு இல்லை. ஒரு குடும்பம் மனிதர்களாக வாழ எவ்வளவு வேண்டும், இந்தத் தொழில் எவ்வளவு தருகிறது, இடையே உள்ள பள்ளம் எவ்வளவு என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் கணக்கை எடுக்கவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. கருணை காட்டுங்கள் என்று எவரிடமும் மன்றாட வரவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் கோரிக்கை நிற்காது. கோரிக்கை இல்லாத இடத்தில் பிச்சைதான் நிற்கும். இதை நம் தொழிற்சங்க இயக்கம் நூறாண்டு அனுபவத்தில் கற்றிருக்கிறது.

மூன்று படிகள்

குப்பையில் உழைப்போர் அனைவரும் ஒரே படியில் நிற்கவில்லை. மேல்படியில் இருப்பவர் நிரந்தரத் தூய்மைப் பணியாளர். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு, சங்கம் உண்டு. இரண்டாம் படியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய கதி என்னவென்பதை 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் நாடு பார்த்தது. வேலை தனியார் கைக்குப் போவதை எதிர்த்து ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள் 13 நாள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தனர். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

மூன்றாம் படியில் நிற்பவரைத்தான் எவரும் பார்ப்பதில்லை. அவர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. எந்த ஒப்பந்தக்காரரின் பட்டியலிலும் இல்லை. 2020-ல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசாங்கம் மாற்றிற்று. நல்லதுதான். ஆனால் மூன்றாம் படியில் நிற்பவருக்கு மாற்றுவதற்குக்கூட ஒரு பெயர் இல்லையே! 'குப்பை பொறுக்குகிறவள்' என்பது ஊர் வைத்த பெயர். அதிலே தொழில் இருக்கிறது, தொழிலாளி இல்லை. இவர்களில் பெண்கள் பலர், முதியவர்கள் பலர். சாதி ஊரின் ஓரத்துக்குத் தள்ளிவைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களே மிகப் பலர் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கிலோவும் கூலியும்

"எடைக்கு விலை கொடுக்கிறார்களே, அது கூலிதானே?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இந்த மயக்கத்தை முதலில் தெளிவித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று ஏறத்தாழ 25 கிராம் நிற்கும். ஒரு கிலோ சேர 40 புட்டி வேண்டும். அதாவது 40 தடவை குனிந்து நிமிர வேண்டும். பத்துக் கிலோ என்றால் 400 தடவை. காயலான் கடைத் தராசிலே இந்த 400 குனிதல் தெரியுமா? தெரியாது. தராசு பிளாஸ்டிக்கை அறியும், முதுகெலும்பை அறியாது. நாலு மைல் நடந்து சேர்த்த பத்துக் கிலோவும், கடை வாசலிலேயே கிடைத்த பத்துக் கிலோவும் அதற்கு ஒன்றுதான்.

அந்த எடையாவது முழுதாகக் கிடைக்கிறதா? "அட்டை ஈரமா இருக்கும்மா, ரெண்டு கிலோ கழிச்சுக்கறேன்" என்பார் கடைக்காரர். ஈரம் இரண்டு கிலோதானா என்று யார் நிறுத்துப் பார்த்தது? போன மாதம் பிள்ளைக்கு உடம்புக்கு முடியாதபோது அதே கடையில் வாங்கிய முன்பணம் நினைவுக்கு வரும், வாய் திறக்காது. முன்பணம் வாங்கியவள் வேறு கடைக்கு மூட்டையைக் கொண்டுபோகவும் முடியாது. கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு மேலே மொத்த வியாபாரி, அவருக்கு மேலே ஆலை என்று சங்கிலி நீளுகிறது. ஒவ்வொரு கண்ணியும் தன் நஷ்டத்தைக் கீழே தள்ளுகிறது. கடைசிக் கண்ணிக்குக் கீழே தள்ள ஆள் இல்லை.

விலையோ காஞ்சியில் நிர்ணயமாவதில்லை. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிவிடும். பழைய பிளாஸ்டிக்கைக் கேட்பார் குறைவர். 2020-ல் எண்ணெய் விலை சரிந்தபோது இதுவே நடந்தது. 2018-ல் சீனா பலவகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியபோது உலகமெங்கும் பழைய தாள், பழைய பிளாஸ்டிக் விலை ஆட்டம் கண்டது. எங்கோ ஒரு துறைமுகத்தில் கதவு சாத்தினால், வேகவதிக் கரையில் குடியிருப்பவளின் அரிசிப் பானையில் அளவு குறைகிறது. வேலை அதேதான், குனிதலும் அதேதான், கையில் வருவது மட்டும் குறைகிறது. இப்படி ஏறி இறங்குவதைச் சரக்கு விலை என்று சொல்லலாம். கூலி என்று எப்படிச் சொல்வது?

1957-ல் போட்ட கணக்கு

வாழ்க்கைக்குப் போதுமான கூலி என்பது நேற்று முளைத்த பேச்சல்ல. 1907-லேயே ஆஸ்திரேலியாவில் ஹிக்கின்ஸ் என்ற நீதிபதி, முதலாளியின் இலாபம் எவ்வளவு என்று பார்க்காமல், நாகரிகச் சமூகத்தில் வாழும் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று பார்த்து, நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என்று தீர்ப்புச் சொன்னார்.

நம் நாட்டில் 1948-ல் அமைக்கப்பட்ட நியாயக் கூலிக் குழு கூலியை மூன்றாகப் பிரித்தது: குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்க்கைக் கூலி. உயிரைப் பிடித்து வைப்பதோடு உழைக்கும் திறனையும் காப்பது முதலாவது. பிள்ளைகளின் படிப்பு, நோய்க்கு மருந்து, முதுமைக்குப் பாதுகாப்பு, கொஞ்சம் வசதி ஆகியவற்றுக்கும் இடம் தருவது மூன்றாவது. இரண்டுக்கும் நடுவே நிற்பது நியாயக் கூலி.

1957-ல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்குக் கணக்கே போட்டுக் கொடுத்தது. உழைப்பவர் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நால்வரை மூன்று ஆள் அளவாக எடுத்துக்கொண்டது. ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்குக் கூலியில் நூற்றுக்கு 20. ரெப்டகோஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், திருமணம், முதுமை ஆகியவற்றுக்கென்று நூற்றுக்கு 25 சேர்க்கவேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நடத்திய வழக்கு அது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

அந்த மாநாட்டின் ஒரு நிபந்தனையைத் தோழர்கள் மனத்தில் பதிக்கவேண்டும். பெண்களும் சிறுவர்களும் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது அது. ஒருவரின் கூலியே குடும்பத்தைத் தாங்கவேண்டும் என்பது பொருள். குப்பைத் தொழிலில் என்ன நடக்கிறது? கணவன், மனைவி, பாட்டி, பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை என்று நால்வர் பொறுக்கியதைக் கூட்டி, "இதோ, குடும்பத்துக்குப் போதுமான வருமானம் வருகிறதே" என்கிறார்கள். நாலு பேர் உழைப்பை ஒரு பெயரில் எழுதும் இந்தக் கணக்கைவிடப் பெரிய பொய்க்கணக்கு வேறில்லை.

1957-ஆம் ஆண்டுக் கணக்கிலும் குறை இல்லாமலில்லை. ஆணுக்கு ஓர் அளவு என்றால் பெண்ணுக்கு 0.8 என்று அதில் வைத்திருக்கிறது. முப்பது கிலோ மூட்டை சுமக்கும் பெண்ணுக்கு ஆணைவிடச் சோறு குறையவேண்டுமாம்! என்ன நியாயம் இது? அனூப் சத்பதி தலைமையில் அரசாங்கம் அமைத்த நிபுணர் குழு 2019-ல் தந்த அறிக்கையில் குடும்பத்தை 3.6 அளவாக உயர்த்தி, 2018 ஜூலை மாத விலையில் நாளைக்கு 375 ரூபாய் வேண்டும் என்று சொல்லிற்று. மாதத்துக்கு 9,750 ரூபாய். நகரமானால் வீட்டு வாடகைக்காக மேலும் 1,430 வரை. அதே 2019-ல் ஒன்றிய அரசாங்கம் அடிமட்டக் கூலியென்று அறிவித்தது 178 ரூபாய்! நிபுணர் சொன்னதில் பாதிகூட இல்லை.

சட்டத்தில் ஒரு சொல்

அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு, எல்லாத் தொழிலாளர்க்கும் வாழ்க்கைக் கூலி கிடைக்க அரசு முயலவேண்டும் என்கிறது. வேளாண்மைத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் என்று சொல்லிவிட்டு, வேறு எவ்வகைத் தொழிலாளரானாலும் சரி என்றும் சேர்த்திருக்கிறது. அந்த 'வேறு எவ்வகை'யில்தான் சாக்குமூட்டைக்காரி நிற்கிறாள். சட்டம் எழுதியவர்கள் அவளுக்குக் கதவு திறந்து வைத்தார்கள். எழுபத்தைந்து ஆண்டாகியும் அவள் இன்னும் வாசற்படியில்தான்.

ஏன்? 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முதலாளி இருந்தால்தான் பேசும். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள கூலித் தொகுப்புச் சட்டமும் கூலிக்கு அமர்த்தப்பட்டவரைப் பற்றியே பேசுகிறது. பொறுக்குகிறவளை அமர்த்தியவர் யார்? எவருமில்லை! அவள் 'சுயதொழில்' செய்கிறாளாம். சாக்கு அவளுடையது, கால் அவளுடையது. ஆகவே அவள் ஒரு முதலாளி! சட்டத்தின் கண்ணில் காந்தி சாலைப் பட்டு மாளிகை உரிமையாளரும், அந்த மாளிகை வாசலில் அட்டைப்பெட்டி பொறுக்குகிறவளும் ஒரே இனம்!

1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. சாட்டையால் அடித்து வேலை வாங்குவது மட்டும் கட்டாயமல்ல. பசியால் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்வதும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் நம் தெருக்களில் நடந்து பாருங்கள்.

பலன் யாருக்கு?

முதலாளி யார் என்று தெரியாவிட்டால், பலனை அனுபவிப்பவர் யார் என்று கேட்போம். அங்கே மூன்று பேர் அகப்படுகிறார்கள்.

முதலாமவர் மாநகராட்சி. காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. கோயில் நகரம், திருவிழாவுக்குத் திருவிழா கூட்டம் வரும், முகூர்த்த மாதங்களில் பட்டு வாங்கும் கூட்டம் வரும். 2019-ல் அத்திவரதர் வைபவம் 48 நாள் நடந்தபோது ஒரு கோடி மக்கள் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். கூட்டம் விட்டுச் செல்லும் புட்டியும் பொட்டலமும் யார் கையால் அகலுகின்றன? அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு கிலோவும் வண்டியேறாத கிலோ, கிடங்கில் மலையாகாத கிலோ. வண்டிக்குக் கொடுக்கப் பணம் உண்டு. கைக்குக் கொடுக்க இல்லையா?

இரண்டாமவர் ஆலைக்காரர். பழைய தாளும் பழைய அலுமினியமும் இல்லாமல் பல ஆலைகள் ஓடா.

மூன்றாமவர் பண்டங்களைப் பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் பெரிய கம்பெனிகள். 2022-ல் வந்த விதிகளின்படி, தாங்கள் சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக்குக்கு அவர்களே பொறுப்பு. மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். அந்தச் சான்றிதழ் விற்ற பணம் ஆலைக்குப் போகிறது. தெருவில் குனிந்து எடுத்தவளுக்கு அதில் பங்கு கொடுத்தாக வேண்டும் என்று எழுதி வைத்தார்களா?

நீலகிரியில் 2022-ல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். மதுப் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. காட்டிலும் மேட்டிலும் உடைந்து கிடந்த புட்டிகள் கடைக்குத் திரும்பலாயின. நல்ல ஏற்பாடுதான். நாம் கேட்பது ஒன்றே: காலியான மதுப் புட்டிக்கு விலை நிர்ணயிக்க முடிந்த அரசாங்கத்துக்கு, அதை எடுக்கிற கையின் உழைப்புக்கு விலை நிர்ணயிக்கத் தெரியாமல் போய்விட்டதா?

நெசவாளி அறிவான்

இதெல்லாம் புதுக் கதை என்று பிள்ளையார்பாளையத்து நெசவாளித் தோழர் எவரும் சொல்லமாட்டார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். தறியில் உட்காருபவரின் நேரம் அதில் ஒருவாறு தெரியும். ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் மனைவியின் நேரம் தெரியுமா? பாவுக்குத் தெருவில் நிற்கும் முதியவரின் நேரம் தெரியுமா? மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்ற நாட்கள் தெரியுமா? குப்பைத் தொழிலிலும் அதே மறைப்புத்தான். ஊடை சுற்றும் இடத்தில் அட்டை பிரிக்கும் வேலை. தறிக்குழி ஈரத்துக்குப் பதில் நனைந்த அட்டை. முன்பணக் கயிறு இரண்டிலும் ஒன்றே.

முன்பணத்துக்கு ஈடாகச் சிறுவர்களைப் பட்டுத் தறியில் உட்காரவைத்த காலத்தை இவ்வூர் மறக்கவில்லை. பெரியவர் கூலி போதாத வீட்டில் பிள்ளையின் படிப்பு முதலில் பலியாகும் என்று அன்றே கண்டோம். இன்று பிள்ளையின் தோளில் சாக்கைப் பார்க்கும்போது வேறு விளக்கம் தேடவேண்டாம்.

நெசவாளி பெற்ற கொஞ்ச நஞ்சமும் எப்படிப் பெற்றார்? சங்கத்தால் பெற்றார், கூட்டுறவால் பெற்றார். கூட்டுறவுச் சங்கம் நூல் கொடுத்தது, கூலி விகிதத்தை எழுதிப் போட்டது, சேலையை விற்றது. குறைகள் ஆயிரம் இருக்கலாம். எழுதிப் போட்ட விகிதம் ஒன்று இருந்ததால்தான் அதைக் காட்டி உயர்த்திக் கேட்க முடிந்தது. தறிக்குச் சங்கம் கண்ட காஞ்சியில் சாக்குக்குச் சங்கம் ஏன் கூடாது?

எப்படிக் கணக்கெடுப்பது?

2024 மார்ச்சில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆட்சிக்குழு வாழ்க்கைக் கூலிக்கு விளக்கம் ஏற்றுக்கொண்டது. தொழிலாளியும் குடும்பமும் கண்ணியமாக வாழப் போதுமான கூலி. அதுவும் வழக்கமான வேலை நேரத்துக்குள் கிடைக்கவேண்டிய கூலி. பதினாலு மணி நேரம் அலைந்தால் கிடைக்கிறது என்றால் அது வாழ்க்கைக் கூலி ஆகாது. இதைக் கணக்கிடும் முறையை ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் என்ற இருவர் 2017-ல் நூலாக வெளியிட்டார்கள். தொழிலாளி போகும் கடைக்கே போய் விலை கேள், அவர் குடியிருக்கும் பகுதியிலேயே வாடகை கேள் என்பது அந்த முறையின் உயிர்நாடி. இதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகமும் பொறுமையும் வேண்டும்.

தேவையின் பக்கத்தை முதலில் எழுதவேண்டும். ரேஷன் அரிசி இலவசம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கார்டு இல்லாத குடும்பங்கள் எத்தனை என்றும் எழுதவேண்டும். எண்ணெயைப் பத்து ரூபாய்ப் பொட்டலமாக வாங்குகிறவள் கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறாள் என்று பார்க்கவேண்டும். வாடகை எழுதும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இன்று அவள் இருக்கும் குடிசைக்குக் கொடுப்பதை எழுதினால், குடிசையே போதும் என்று நாமே தீர்ப்பளித்ததாகிவிடும். சுவரும் கூரையும் கழிப்பறையும் உள்ள சிறு வீட்டுக்கு இவ்வூரில் என்ன வாடகை என்றே எழுதவேண்டும். அவள் செலவழிப்பது என்ன என்பதல்ல கேள்வி; அவளுக்கு வேண்டியது என்ன என்பதே. பட்டினியை அளந்து அதற்குச் சமமாகக் கூலி வைப்பது ஆராய்ச்சியல்ல.

அடுத்தது வரவின் பக்கம். ஒரு வாரம் பார்த்துப் பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்குவது ஏமாற்று. வைகாசியில் கருடசேவைக் கூட்டம் விட்டுச்செல்லும் புட்டிகளின் கணக்கு வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த அட்டையின் கணக்கு வேறு. ஆண்டு முழுவதும் எழுதவேண்டும். கடையில் கழித்த எடை, வண்டி வாடகை, முன்பணத்துக்காகக் குறைத்த விலை, கண்ணாடி கிழித்த கைக்கு ஊசி போட்ட செலவு எல்லாவற்றையும் கழிக்கவேண்டும்.

மூன்றாவது நேரம். நடக்கும் நேரம், பொறுக்கும் நேரம், வீட்டில் பிரிக்கும் நேரம், கடையில் காத்திருக்கும் நேரம். வீட்டில் உதவும் மற்றவர் நேரமும் சேரவேண்டும். கழிவு போக மிஞ்சியதை இத்தனை மணி நேரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை எட்டு மணி வேலைநாளுக்குப் பெருக்கித் தேவைக் கணக்கின் பக்கத்தில் வைத்தால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று நாடு அறியும்.

கடைக்காரர் முன்னிலையில் கேள்வி கேட்காதீர்கள், உண்மை வராது. பெண்களிடம் பெண் தோழர்கள் போகட்டும். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்ட பிறகே கூட்டிப் பாருங்கள்.

செய்து காட்டியவர்கள்

நடக்காத காரியத்தைச் சொல்லவில்லை. புனாவில் பாபா ஆடவ் முதலியோர் முன்னின்று 1993-ல் காகித, கண்ணாடி, தகரம் பொறுக்குவோருக்குத் தனிச் சங்கம் கண்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவர்களோடு சேர்ந்து, மாநகராட்சிக்கு அவர்கள் எவ்வளவு மிச்சப்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2008-ல் அதே தொழிலாளர்கள் 'ஸ்வச்' என்ற கூட்டுறவை அமைத்து, மாநகராட்சியின் உடன்படிக்கையோடு வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலையை ஏற்றார்கள். வீட்டாரிடம் சேவைக் கட்டணம்; பிரித்தெடுத்த பொருளை விற்ற பணமும் அவர்களுக்கே. சரக்கு விலை சரிந்தாலும் கட்டணம் கையில் நிற்கிறது.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் குப்பை பொறுக்குவோர் நீதிமன்றப் படி ஏறினர். அவர்களை விலக்கிவிட்டு ஒப்பந்தம் விடக்கூடாது என்று 2003-லும் 2011-லும் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிற்று. 2013 முதல், அவர்கள் மீட்டெடுக்கும் பொருளுக்கு எடைக் கணக்கில் சேவைக் கட்டணம் நகராட்சி கொடுக்கத் தொடங்கியது. சரக்கை விற்ற பணத்துக்கு மேலே, நகரத்தைச் சுத்தம் செய்ததற்கான கூலி அது. நாம் காஞ்சிக்குக் கேட்பதும் இந்த இரட்டை வரவைத்தான்.

ஓர் ஆட்சேபம்

"மனிதன் குப்பையில் கை வைப்பதையே ஒழிக்கவேண்டாமா? கூலி கேட்டு அதை நிலைநிறுத்துகிறீர்களே" என்று நல்லெண்ணத்தோடு கேட்போர் உண்டு. கலந்து அழுகிய குப்பையில் வெறுங்கை வைக்கும் வேலை ஒழியவே வேண்டும்; அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் அந்த வேலை ஒழியும். ஆனால் பிரிக்கும் கூடம் ஒன்று கட்டி, இயந்திரம் வைத்து, ஒப்பந்தக்காரரின் ஆட்களை உள்ளே அமர்த்தி, இத்தனை காலம் அந்தத் தொழிலைச் செய்தவளை வேலிக்கு வெளியே நிறுத்தினால் ஒழிந்தது எது? இழிவா, அவள் சோறா? 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே இவர்களை அடையாளம் கண்டு ஏற்பாட்டில் சேர்க்கும்படி உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. 2024-ல் ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் இவர்களையும் சேர்த்தார்கள். தாளில் இருக்கிற பெயர் தராசில் ஏறவேண்டாமா?

வேலை இதுதான்

வட்டத் தோழர்கள் தங்கள் பகுதியில் சாக்குத் தூக்கும் தொழிலாளர் எத்தனை பேர் என்று முதலில் பட்டியல் எடுக்கட்டும். ஒவ்வொரு பகுதியிலும் சில குடும்பங்களோடு பேசி, அவர்கள் சம்மதத்தோடு ஓராண்டுக் கணக்கு எழுதட்டும். நெசவாளர் சங்கத் தோழர்கள் கூலிக் கணக்கு எழுதிப் பழகியவர்கள், அவர்கள் கைகொடுக்கட்டும். கணக்கு முடிந்ததும் அதை மாமன்றத்தில் வைப்போம்: அடையாள அட்டை கொடு, மாநகராட்சித் தராசு ஒன்றைப் பொது இடத்தில் வை, பிரிக்கும் கூடத்தில் இவர்களுடைய கூட்டுறவுக்கு முதல் உரிமை கொடு, எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் சேவைக் கூலி கொடு என்று கேட்போம்.

எந்த எண்ணை ஆதாரமாக வைத்துக் கேட்கிறீர்கள் என்று அப்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேட்பார்கள். நம் நோட்டுப் புத்தகத்தை அவர்கள் முன் விரித்து வைப்போம். அதற்கு முதல் பக்கத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.